ஆத்துலதானே அண்ணா

நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். போன வருடம் மே மாதம் பிள்ளைகளை மீன்பிடிக்கக் கூட்டிப்போக நான் போட்ட பட்டியலில் இருபத்துமூன்று வரிகள் இருந்தன. பிள்ளைகள் அளவுக்கு ஐந்து ஆரஞ்சு மிதவை அங்கிகள். தூண்டில் முள்ளின் நுனியில் உள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைப்பது, யார் விரலிலாவது ஏறினால் சுலபமாக உருவலாம் என்று. என் பையனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தொட்டாலே தடித்துவிடும். அதனால் அவன் முள்ளில் இரையை வேறு யாராவது குத்தித்தர வேண்டும். வாந்தி மாத்திரை. மாற்றுடை. ஆற்றில் தண்ணீர் ஏறி வற்றும் நேரம். தடைக்காலமாயிற்றே என்று மீன்வளத்துறை அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். விசைப்படகுக்குத்தான் தடை, சின்ன ஃபைபர் படகுக்கு இல்லை என்றார்கள். அதையும் எழுதி டிக் போட்டேன்.

அந்த இருபத்துமூன்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. இதை இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பயணம் என் யோசனைதான். எங்கள் மாடி வீட்டு அக்காவின் குடும்பம் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாரீஸ் பக்கத்தில் வேறு வேலையில் சேர்ந்திருந்தார். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் ஒரு திங்கட்கிழமை ஒரேயடியாகக் கிளம்புவதாக முடிவாகியிருந்தது. என் பையனுக்கு அப்போது ஏழு வயது. அந்த இரண்டு பிள்ளைகளைத் தவிர அவனுக்கு வேறு சிநேகிதம் கிடையாது. அவர்கள் போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் படகில் போய் மீன் பிடிக்கலாம் என்று நான் சொன்னபோது இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான். எதிர் வீட்டுப் பெண்ணும் தன் இரட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். மூன்று அம்மாக்கள், ஐந்து பிள்ளைகள்.

படகுக்கு நான் கேட்டது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் கணவரை. அரியாங்குப்பம் ஆற்றுக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அவர்கள் வீடு. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் மகள் இரண்டு வருடம் என்னிடம் கணக்குப் படித்தாள், பத்தாவது தேறினாள், அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தாள். நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ரிசல்ட் வந்த அன்று அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "டீச்சர், எப்ப என்னா வேணும்னாலும் ஒரு வார்த்த சொல்லுங்க, நான் வந்து நிப்பேன்" என்றார். அந்த வார்த்தையை நான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை அவர் போன் செய்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். பையன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து நைலான் நரம்பில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், நாளிக்கு வேணாங்க. ஊர்ல ஒரு சாவு. பெரியவரு ஒருத்தரு நேத்து சாயந்தரம் போயிட்டாரு. அவுரு பையன் பிரான்சுலேர்ந்து வரணும், திங்கக்கெழமதான் எடுப்பாங்க. பொணத்த எடுக்கற வரிக்கும் ஊர்ல யாரும் தொழிலுக்குப் போவக் கூடாது. மைக்ல சொல்லிட்டாங்க."

ஐயோ பாவம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு கீழே குனிந்து பையனைப் பார்த்தேன். அவன் நரம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாம கடலுக்குப் போகப் போறதில்லையே. ஆத்துலதானே அண்ணா. உங்க ஊர்ப் பக்கம் வேணாம், எதிர்க்கரைல தேங்காய்த்திட்டுப் பக்கமா ஏறி, முகத்துவாரத்துக்கு உள்ளயே சுத்திட்டு வந்துடலாம். பசங்க தூண்டில் போடறது சும்மா விளையாட்டு. அது தொழில் ஆகுமா?"

"ஆத்துலதான்..." என்று இழுத்தார். பின்னால் சாவுப் பறை கேட்டது. "இல்ல டீச்சர், படகு படகுதாங்க. பாத்தா ஒரு மாதிரி ஆயிடும்."

அப்போது நான் சொன்னேன். "பொண்ணு ரிசல்ட் வந்தப்ப என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னீங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல அண்ணா."

பறைச் சத்தத்தை விட்டு அவர் தள்ளி நடந்துபோவது கேட்டது.

"சரி டீச்சர். காலைல ஆறு மணிக்கெல்லாம் வந்துடுங்க. படக இன்னிக்கே அந்தப் பக்கம் கொண்ணாந்து வுட்டுடறேன்."

பட்டியலில் இருபத்துநான்காவது வரியாக, புறப்படும் இடம் மாற்றம் என்று எழுதினேன். வாட்ஸப் குழுவிலும் போட்டேன். காரணம் போடவில்லை. வருத்தமான செய்தி, எதற்குப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஞாயிறு காலை ஆற்றில் காற்றே இல்லை. துறைமுகத்தில் தடைக்காலத்துக்குக் கட்டிப்போட்ட விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. படகுக்காரர் தலையில் துண்டைக் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். வழக்கமாகப் பிள்ளைகளைப் பார்த்தால் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பார். அன்று என்ஜினை மெதுவாக ஓட்டி, தெற்குக் கரையைப் பார்க்காமல், அலையாத்திச் செடிகள் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். மாடி வீட்டு அக்கா மிதவை அங்கிகளோடு பிள்ளைகளைப் படம் எடுத்து பாரீசுக்கு அனுப்பினார்.

முதலில் மாட்டியது கெளுத்தி. மாடி வீட்டு அக்கா மகளின் தூண்டிலில். அது படகுக்குள் விழுந்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். முதுகில் ஒன்று, செவுளோரம் இரண்டு என்று மூன்று முள். குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். படகுக்காரர் அதைக் காலால் மிதித்து, குறடால் முள்களை ஒவ்வொன்றாக ஒடித்தார். ஒவ்வொன்றும் ஒடியும்போது மீன் கத்தியது. கெளுத்தி கத்தும் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு சின்ன மரக்கட்டையால் தலையில் ஒரே அடி. மீன் அடங்கியது. கண் மட்டும் பிதுங்கி வெளியே வந்தது.

"நான் அடிக்கறேன், அடுத்தது நான்" என்று என் பையன் கட்டைக்குக் கை நீட்டினான். எதிர் வீட்டு இரட்டையரும் கேட்டார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் ஏழெட்டு மீன். பிள்ளைகள் முறை வைத்து அடித்தார்கள். என் பையனுடைய முதல் அடி தவறிப் படகில் பட்டது. இரண்டாவது செதிலைச் சீய்த்தது. மூன்றாவதில் தலை நசுங்கியது. அவன் முகத்தில் ரத்தம் தெறித்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டேன். அந்தத் துணி பட்டியலில் பதினொன்றாவது வரி.

என்ஜின் சத்தம் தெற்கிலிருந்து வந்தது.

அவர்கள் நான்கு பேர். நேராக எங்களைப் பார்த்து வந்து, மோதுகிற மாதிரி வந்து, கடைசியில் திரும்பினார்கள். அந்த அலையில் எங்கள் படகு சாய்ந்து பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒருவன் எங்கள் படகுக்குள் குதித்தான். எனக்கு அவனைத் தெரியும். மழை நாளில் சில சமயம் மீன் கூடையை அண்ணிக்காக பைக்கில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவான். படகுக்காரரின் கூடப்பிறந்த தம்பி.

"ஏண்டா, பொணம் கெடக்கு ஊர்ல. அந்தாளுதான உனுக்கு மொத வலையே குடுத்தாரு. அவுரு ஐஸ் பெட்டில கெடக்காரு, நீ புள்ளைங்கள வெச்சி வேடிக்க காட்டினு இருக்கியா?"

படகுக்காரர் எழுந்திருக்கவில்லை. கையைத் தூக்கி முகத்தை மறைக்கவும் இல்லை. தம்பி துடுப்பை எடுத்துத் தோளில் அடித்தான். காய்ந்த தேங்காய் சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம். இரண்டாவது அடி காதில் விழுந்தது. காது மடல் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. மூன்றாவது முதுகில். அடிக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுக ஒழுக அடித்தான்.

மற்றப் படகில் இருந்தவர்களில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், எங்கள் படகு கவிழாமல் விளிம்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். "பயப்படாத கண்ணு, ஒண்ணும் இல்ல, அந்தக் கயித்தக் கெட்டியா புடிச்சிக்கோ" என்று இரட்டையரிடம் அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதே குரலில் தம்பியிடம், "காலுல போடு, தலைல வேணாம்" என்றார்.

ரத்தம் படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கியது. செத்த மீன்கள் அதில் மிதந்தன. மாடி வீட்டு அக்கா, "மொன் தியே, மொன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே தன் பிள்ளைகளின் கண்களைப் பொத்தியிருந்தார். நான் பையனை மடியில் இறுக்கியிருந்தேன். அவன் கண்ணை நான் மூடவில்லை. மறந்துவிட்டேன்.

மீசைக்காரர் கேட்டார். "எவுரு கூப்ட்டாங்க ஒன்ன? இவங்களா வந்து கூப்ட்டாங்களா? சாவுன்னு தெரிஞ்சும் கூப்ட்டாங்களா? அதச் சொல்லு மொதல்ல."

அந்த நேரம் எல்லோரும் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்கள். மற்ற இருவருக்கும் சாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் முகத்திலேயே அது தெரிந்தது. என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமா" என்றார் படகுக்காரர். வாயிலிருந்து ரத்தத்தோடு எச்சில் வடிந்தது. "நாந்தான் வாங்கன்னு சொன்னேன். சாவுன்னு நான் சொல்லவே இல்ல."

"இல்ல" என்றான் என் பையன். தெளிவாக, வகுப்பில் பதில் சொல்வதுபோல. "அண்ணா வேணாம்னு சொன்னாங்களே. அம்மாதான்..."

என் கை அவன் வாயைப் பொத்தியது. பொத்தியது என்று எழுதினால் பொய். அறைந்தேன், அறைந்த கையை எடுக்காமல் அழுத்தினேன். அவன் தலை என் நெஞ்சில் இடித்தது. அவன் மூச்சு மூக்கு வழியாக என் விரல்மேல் சீறியது. அவன் உதறினான், கடித்தான். நான் விடவில்லை. மிதவை அங்கிக்குள் அவன் விலா எலும்புகள் ஏறி இறங்குவதை உணர்ந்தேன். இன்னும் அழுத்தினேன்.

"புள்ள பயந்துட்டாம்மா, மூச்சு வுடட்டும், கைய எடும்மா" என்றார் மீசைக்காரர்.

கையை எடுத்தேன். உள்ளங்கையில் ரத்தம், அதன் நடுவே ஆடிக்கொண்டிருந்த அந்த முன்பல்.

பையன் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு படகுக்காரரைப் பார்த்தான். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதை நான் பார்த்தேன், பையனும் பார்த்தான். மற்ற யாரும் பார்க்கவில்லை.

தம்பி எங்கள் படகை ஓட்டிக்கொண்டுபோய்த் துறையில் விட்டான். ஒவ்வொரு பிள்ளையையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் கரையில் இறக்கினான். அவன் கையிலிருந்த ரத்தம் ஐந்து அங்கிகளிலும் ஒட்டியது. மாடி வீட்டு அக்கா போலீசுக்குப் போன் செய்யப் போனார். படகுக்காரர் கிழிந்த காதைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "போலீசுலாம் வேணாங்க. எங்க ஊட்டு விசயம்" என்றார். நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பல்லை அதற்குள் போட்டு மூடினேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் மாடி வீட்டு அக்காவின் பிள்ளைகள் பாரீசுக்குக் கிளம்பினார்கள். என் பையன் கீழே வந்து கையாட்டவில்லை. உதடு வீங்கி நீலமாக இருந்தது. அவன் அப்பா ஷிப்டு முடிந்து வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். படகு ஆடி விழுந்துவிட்டான் என்றேன். பையன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்றுதான் பிணம் எடுத்தார்கள். சாயந்தரம் ஊர்க்கூட்டம் கூடி, படகுக்காரர் ஒரு மாதம் தண்ணீரில் படகு இறக்கக் கூடாது, அவர் மனைவி மீன் ஏலத்தில் நிற்கக் கூடாது, யாரும் அவர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்துத் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வேறொரு அம்மா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை பையன் முதல் தடவையாகப் பேசினான். "சொல்லிட்டியா?"

"என்னடா?"

"நீதான் கூப்ட்டேன்னு. அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

புதன்கிழமையும் அதையே கேட்டான். பல் விழுந்த இடத்தில் வார்த்தை காற்றாக வந்தது. வியாழக்கிழமை நான், "இன்னிக்குப் போய்ச் சொல்லலாம், நீயும் வா" என்றேன். உண்மையாகவே முடிவு செய்திருந்தேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன், நான்கு வரி. சாவு என்று தெரியும். அவர் மறுத்தார். நான் வற்புறுத்தினேன். தண்டனை எனக்குக் கொடுங்கள். இந்தக் கடைசி வரியை அடித்தேன், திரும்ப எழுதினேன். எனக்கு அவர்கள் என்ன தண்டனை கொடுக்க முடியும்? அது தெரிந்துதான் எழுதினேனோ?

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி ஸ்கூட்டரில் போனோம். குப்பத்துக்குள் நுழையும் இடத்தில், வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்தில், மீன்கார அக்கா குடத்தோடு வந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் அவர் வந்ததும் நகர்ந்து வழிவிட்டார்கள். யாரும் பேசவில்லை. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தார்.

"எங்க வந்தீங்க?"

"ஊர்ப் பெரியவங்களப் பாத்துச் சொல்ல வந்தேன் அக்கா. தப்பு என்னோடதுன்னு."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "சொல்லுவீங்க. சொல்லிட்டு வண்டில ஏறிப் பூடுவீங்க. மனசு லேசா ஆயிடும் உங்களுக்கு. தெரியாமத்தான் கேக்கறேன், அவுரு சூடம் அணச்சிருக்காரு, தெரியுமா?"

"சூடமா?" என்றேன்.

"கூட்டத்துல எரியற சூடத்து மேல கைய வெச்சி அணச்சி, சத்தியம் பண்ணிருக்காரு. அவங்களுக்குத் தெரியாது, நாந்தான் ஏமாத்திக் கூட்டினு போனேன்னு. இப்ப நீங்க போயி தெரியும்னு சொன்னீங்கன்னா அது பொய்ச் சத்தியம். ஒரு மாசம் போட்டது ஒரு வருசம் ஆவும். ஊர வுட்டே வெலக்கி வெச்சிடுவாங்க."

"ஏன் அப்படி சத்தியம் பண்ணாரு?"

"உங்க தெருவுல மீனு விக்கணும் இல்ல நானு? ஊருக்காரனுங்க உங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னா நீங்க என்னா பண்ணுவீங்க?" குரல் உடைந்தது. "தம்பிய வுட்டு அடிக்க வெச்சாங்களே, அது ஏன்னு தெரியுமா? வேற எவன் அடிச்சாலும் நாளிக்குப் பக வளரும். தம்பி அடிச்சா அது அதோட போச்சு. அதான் எங்க ஊரு வழக்கம். அந்தத் தம்பிதான் இப்ப நாலு நாளா சோறு தின்னாம கெடக்குது, அண்ணன் காதப் பாத்துட்டு. போங்க டீச்சர். எதும் சொல்லாதீங்க. சொன்னா என்னக் கொன்னதுக்கு சமானம்."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். பையனின் உதட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். "பொண்ண இனிமே டியூசனுக்கு அனுப்பல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

"சொல்லலியா?" என்றான் பையன்.

"கேட்டியே, சொன்னா அண்ணாவுக்குத்தான் கஷ்டம்."

"சொல்றேன்னு சொன்ன."

"ஏறுடா."

"நீ பொய் சொல்ற. நீ எப்பவும் பொய்தான் சொல்ற."

தூக்கிப் பின்னால் உட்காரவைத்தேன். பாலத்தில் ஏறும்போது முதல் குத்து விழுந்தது, முதுகில், தோள்பட்டைக்கு நடுவில். பிறகு இன்னொன்று. இரண்டு முஷ்டிகளாலும் குத்தினான். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நினைத்ததில்லை. முதுகெலும்பில் பட்டபோது கண் இருட்டியது. ஸ்கூட்டர் ஒருமுறை வளைந்தது, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. நிறுத்தலாமா என்று யோசித்தேன். அவன் பிடியை விட்டிருக்கிறானே, விழுந்துவிடுவானே என்று யோசித்தேன். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் மெதுவாக ஓட்டினேன்.

கீழே ஆறு. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. தெற்குக் கரையில் மற்ற எல்லாப் படகுகளும் போயிருக்க, ஒரு படகு மட்டும் மணலில் கவிழ்ந்து கிடந்தது.

"அடிடா" என்றேன். காற்றில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. பாலம் முடியும் வரை அடித்துக்கொண்டே வந்தான். நான் சட்டையை விடவில்லை.